பாவாவின் கடைசி சிடி

உபயோகமில்லாத பொருள் ஒன்று சுலோச்சனாவின் கண்ணில் பட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் அது வீட்டை விட்டு வெளியே போயிருக்கும். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, மூடி தொலைந்த குக்கர், மாமனார் காலத்து ரேடியோப் பெட்டி, எதற்கும் இரக்கம் கிடையாது.

"அது உன்னை இன்னா பண்ணிச்சி?" என்று கணவர் வெங்கடேசன் கேட்பார்.

"ஒண்ணும் பண்ணல. அதனாலதான் போவுது" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொருளை மட்டும் வருஷக்கணக்காகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அது வீட்டில் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்களில் ஓடும் மைனா என்கிற இயங்குதளத்துக்குள் இருந்தது. தூக்கிப் போட விடாமல் குறுக்கே நின்றவர் அவளுடைய அக்கா புருஷன் பூபாலன். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

சுலோச்சனாவுக்குத் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் கடை. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் எழுதியிருக்கும். மொட்டையில் சந்தனம் காயாமல் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருவார்கள். பட்டா நகலுக்கு வருவார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆட்கள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சண்டை போட்டுக்கொண்டே ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வருவார்கள். ஒவ்வொருவர் கொண்டுவரும் பென் டிரைவிலும் ஒரு வைரஸ் இருக்கும். கடை திறந்த புதிதில் வாரம் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், இலவசமாகக் கிடைக்கிறதே என்று மைனாவை இறக்கிப் போட்டாள். அது யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், கோளாறு இருந்தால் சரிசெய்து திருப்பி அனுப்பலாம். ஏற்கத்தக்கதாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

தமிழ் எழுத்தில் பிரிண்ட் எடுத்தால் கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்தன. சுலோச்சனா அரக்கோணத்தில் கணிதம் படித்தவள். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் உட்கார்ந்து, தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், மைனா கம்ப்யூட்டரை எழுப்புகிற பகுதி முழுக்க அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

எழுப்புவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பக்கவாதத்தில் கிடக்கிறவரை ஒரேயடியாகத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஒருக்களிக்க வைத்து, உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, தலை சுற்றுகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் நிற்க வைக்க வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஸ்விட்சைப் போட்டதும் அதற்குத் தன் கை எது, கால் எது என்று தெரியாது. முதலில் ஒரு சின்னப் பொட்டலம் உள்ளே இறங்கி, டிஸ்க் இங்கே இருக்கிறது, கீபோர்டு இங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுப்பிவிடும். அந்தப் பொட்டலத்துக்கு பூட் இமேஜ் என்று பெயர்.

பொட்டலத்தைக் கட்டித்தர மைனாவில் பழைய கருவி ஒன்று இருந்தது. பெயர் பூட்பேக். ஃபிளாப்பியும் சிடியும் புழங்கிய காலத்தில் யாரோ எழுதியது. அதற்கு எடுபிடியாக இரண்டு குட்டிக் கருவிகள். எழுதியவர் எப்போதோ விலகிப் போய்விட்டார். அதற்குப் பதிலாகப் புதுக் கருவி வந்து எல்லாரும் மாறியும் விட்டார்கள். ஆனாலும் பழையது உள்ளேயே கிடந்தது. மைனாவின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பூட்பேக் ஏதாவது ஓரிடத்தில் பிய்ந்துகொள்ளும். சுலோச்சனாதான் ஒட்டுப்போட வேண்டும். படுக்கைப் புண் மாதிரி. இந்தப் பக்கம் ஆறினால் அந்தப் பக்கம் வெடிக்கும். புதிதாக எழுத வேண்டும் என்று அவள் நினைத்தது எல்லாம் அப்படி அப்படியே நின்றது. கட்டு மாற்றவே நேரம் சரியாக இருந்தது.

இந்த வருஷம் கோடையில், பதிப்பு வெளியீட்டைக் கவனிக்கும் மார்த்தா எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டாள். மார்த்தா போர்ச்சுகல்காரி, வளவளப்பு இல்லாதவள். "பூட்பேக்கையும் அதன் குட்டிகளையும் இந்தப் பதிப்போடு எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?"

ஒரு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. சுலோச்சனாவும் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்காமல் துணியை மூடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஒருவர் பயன்படுத்துகிறார்" என்று எழுதினாள். "என் அக்கா கணவர். பொதட்டூர்பேட்டையில் தறிக்கு அட்டை குத்தும் கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரைப் பாவா என்போம். அவரை மாற்றிய பிறகு எடுப்போம்."

மார்த்தாவின் பதில் உடனே வந்தது. "ஜூலை முடிகிற வரை பாவாவுக்கு நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும். எதையும் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அப்போதும் பாவா மாறவில்லை என்றால் பூட்பேக் இந்தப் பதிப்பிலும் இருக்கும். அடுத்த பதிப்புக்கு இரண்டு வருஷம். அதுவரை வழக்கம்போல நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அதோடு விட்டார்களா? ஜப்பானிலிருந்து ஒருவர் பாவாவின் மெஷினுக்கு என்ன வயது என்று கேட்டார். போலந்துக்காரர் ஒருவர் போட்டோ கேட்டார். பத்தே நாளில் அந்த மெயில் கூட்டத்தில் பாவா என்பது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. வேறொரு பழைய கருவியை எடுக்கப் பேச்சு வந்தபோது, "இதற்கும் எங்காவது ஒரு பாவா இருக்கிறாரா, விசாரித்தீர்களா?" என்று ஒரு பிரேசில்காரி கேட்டாள்.

பாவாவோ பொதட்டூர்பேட்டையில் நிம்மதியாக அட்டை குத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் லுங்கிக்குப் பேர் போனது. சேலை நெய்கிறவர்களும் உண்டு. சேலைக் கரையில் பூ விழ வேண்டுமென்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்து ஓட வேண்டும். துளை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும். அந்தத் துளைகளைக் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஒரு மெஷின் குத்தும். பூபாலனின் மெஷின் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பழையதாக வாங்கி வந்தது. அதோடு பிணைந்த கம்ப்யூட்டரும் கிழம். மெஷினின் ஒயர் அந்தக் கிழத்தில்தான் பொருந்தும் என்பதால் மாற்றவும் வழியில்லை. பஞ்சுத் தூசியும் அக்கம்பக்கத்துத் தறிகளின் அதிர்வும் சேர்ந்து எட்டு வருஷத்துக்கு முன்னால் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கொன்றபோது, சுலோச்சனாதான் போய் பூட்பேக்கில் ஒரு சிடி செய்து, சிடியிலிருந்தே கம்ப்யூட்டர் எழும்படி வைத்துக் கொடுத்தாள்.

"ஒரு மாசத்துக்கு சமாளிச்சிக்கோங்க பாவா" என்றாள்.

ஒரு மாசம் எட்டு வருஷமானது. நடுவில் வருஷா வருஷம் ஒரு கூத்து. ஆயுத பூஜை அன்று பூபாலன் மெஷினுக்கு, ஸ்பேனருக்கு, ஸ்கூட்டருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார். சிடிக்கும் வைப்பார். வைப்பது கம்ப்யூட்டர் படிக்க வேண்டிய பளபள பக்கத்தில். மறுநாள் மெஷின் எழாது, போன் வரும்.

"பேர் எழுதின பக்கம் வெக்கக் கூடாதா பாவா?"

"பளபளன்னு இருக்கிறதுதானே மூஞ்சி? சாமிக்கு முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

துடைத்தால் கீறல் விழும். அவளும் புது சிடி செய்து பஸ்சில் கொடுத்து அனுப்புவாள். பழைய சிடியையே நகல் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. டிசைன் வரைகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு மென்பொருள் மாறுகிறார்கள். அவர்கள் வரைந்ததைப் படிக்க சிடியும் புதுப் பதிப்பில் வேண்டும். அதைச் செய்ய பூட்பேக் வேண்டும். ஆக, உலகம் முழுக்க எல்லாரும் கைவிட்ட கருவியை ஒரு சந்தனப் பொட்டு உயிரோடு வைத்திருந்தது.

முன்பெல்லாம் புதுக் கருவி அந்தக் கிழக் கம்ப்யூட்டரைத் தொடாது. போன வருஷம் சுலோச்சனா அதற்கும் வழி செய்துவிட்டாள். செத்துப்போன ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சின்ன மெமரி கார்டைச் செருகினால் போதும். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை, தூசி ஒன்றும் செய்யாது. எல்லாம் தயார். பாவா ஆங் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். பூபாலன் கயிற்றில் அட்டைகளைக் கோத்துக்கொண்டே கேட்டார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஓடிக்கினு இருக்கிற மிஷின்ல கைய வெக்காதம்மா."

"ஓடிக்கினு இல்ல பாவா, நொண்டிக்கினு இருக்குது."

"நொண்டினாலும் ஊர் போய்ச் சேருது இல்ல?"

உள்ளேயிருந்து அக்கா பிரேமாவின் குரல் வந்தது. "ஸ்கூட்டருக்கும் இதேதான் சொன்னாரு. பள்ளிப்பட்டு ரோட்லேர்ந்து தள்ளிக்கினு வந்து சேந்தாரு."

"அக்காவும் தங்கச்சியும் ஒண்ணு சேந்துட்டீங்களா? நல்லது." பூபாலன் கோப்பதை நிறுத்தினார். "இத பாரு சுலோ. ஆடி தாண்டினா தீபாவளி சரக்கு. எல்லாத் தறிக்கும் நான்தான் அட்டை குத்தித் தரணும். உன் புது வித்தை பாதியில நின்னுச்சின்னா தறிக்காரனுங்க என் வாசல்ல வந்து குந்திக்குவானுங்க. நீ திருத்தணியில இருப்ப. பதில் சொல்றது யாரு?"

அது நியாயமான பேச்சு. பயம் உள்ளவரிடம் பயப்படாதே என்று சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அக்கா கொடுத்த காபியைக் குடித்தாள்.

அப்போது கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தெருக்கோடி அம்மன் கோயிலைப் புதுப்பிக்கிறார்கள். பழைய கருவறையைப் பிரிக்குமுன் அம்மனைப் பாலாலயத்தில், அதாவது பக்கத்தில் போட்ட தகரக் கொட்டாயில், வைத்து, அன்றிலிருந்து அங்கேயே பூஜை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் என்று தொடங்கியது ஏழு வருஷமாக இழுத்தது. போன தை மாசம் பூபாலன் கமிட்டிக்குள் வந்த பிறகுதான் வேலையே நகர்ந்து, ஆவணியில் கும்பாபிஷேகத்துக்குத் தேதி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, பெயின்ட் வேலை கொஞ்சம் பாக்கி நிக்குது" என்றார் வந்தவர்களில் ஒருவர். "தையில வெச்சிக்கலாமான்னு ஒரு பேச்சு. அம்மனுக்கும் கொட்டாயி பழகிடுச்சி. ஜனங்களும் அங்கியே சுத்தி வராங்க, ஒரு குறையும் இல்ல."

பூபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மனுக்குப் பழகிடுச்சா, உனக்குப் பழகிடுச்சா? பாலாலயம் எதுக்குய்யா? கோயிலு கட்டற வரைக்கும். கோயிலு எழும்பி நிக்குது, இன்னமும் கொட்டாயில இன்னா வேல அவளுக்கு? ஒரு மாசம் ஒரு மாசம்னு சொல்லிச் சொல்லியே ஏழு வருஷம் ஓட்டிட்டீங்க. தேதி வெச்சா வெச்சதுதான். போய்ப் பெயின்ட்டை அடிக்கச் சொல்லு!"

அவர்கள் போய்விட்டார்கள். பூபாலன் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். சுலோச்சனா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல பாவா. ஒரு மாசத்துக்குன்னு நான் போட்டுக் குடுத்த கொட்டாயிதான் அந்த சிடி. கோயிலு கட்டி முடிச்சி ஒரு வருஷம் ஆவுது. மிஷின்தான் இன்னும் கொட்டாயிலயே குந்திக்கினு இருக்குது."

உள்ளே பிரேமா சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. பூபாலன் மெஷினைப் பார்த்தார், கோயில் பக்கம் பார்த்தார், கடைசியில் மச்சினிச்சியைப் பார்த்தார்.

"வாய்க்குக் கொறச்சலே இல்ல உனக்கு" என்றார். "சரி கேட்டுக்கோ. கிருத்திகை அன்னிக்கு ஊர்ல ஒரு தறி ஓடாது. நான் காவடி எடுத்துக்கினு உங்க ஊருக்கு வருவேன். நீ இங்க வா. நான் திரும்பி வரச்சொல்ல மிஷின் குத்தணும், பழைய அட்டை மாதிரியே குத்தணும். இல்லன்னா பழைய சிடியைப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும். அப்பால இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஆங், சரி" என்றாள் சுலோச்சனா. மார்த்தா வைத்த கெடுவுக்கு முன்னால் தறி ஓடாத நாள் வேறு கிடையாது.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் பூக்காவடியும் பால்குடமும் மஞ்சள் வேட்டியும். சுலோச்சனா கடையைப் பூட்டி, பையில் மெமரி கார்டும் ஸ்க்ரூ டிரைவரும் லேப்டாப்பும் போட்டுக்கொண்டு, அரோகரா போடும் கூட்டத்தை எதிர்நீச்சலடித்து பஸ்சைப் பிடித்தாள். வரும் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. போகிற பஸ்சில் அவளையும் சேர்த்து நாலே பேர்.

"இன்னாம்மா" என்றார் கண்டக்டர், "முருகரே கோவம் தணிய இந்த ஊருக்கு வந்தாரு. நீ இன்னாடான்னா இங்கேர்ந்து கோச்சிக்கினு போற?"

"கோவமெல்லாம் இல்லீங்க. ஒரு எடத்தைக் காலி பண்ணணும், அதான்."

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் இல்லாமல் அப்படி ஓர் அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை. பிரேமா கடையைத் திறந்துவிட்டாள். சுலோச்சனா பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்த பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டி, மெமரி கார்டை உட்கார வைத்து மூடினாள். ஸ்விட்சைப் போட்டாள். சிடி போட்டால் அது எழுவதற்குள் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம். இப்போது பிரேமா சேலைத் தலைப்பைச் செருகி முடிப்பதற்குள் திரை வந்து நின்றது.

"அடியே, அதுக்குள்ளயா?" என்றாள் பிரேமா.

"அட்டை வை அக்கா. ஒண்ணு குத்திப் பாப்போம்."

பிரேமா வெள்ளை அட்டையை வைத்தாள். சுலோச்சனா பட்டனைத் தட்டினாள். மெஷின் அசையவில்லை. மூலையில் பில் போடுவதற்காக வைத்திருந்த பழைய பிரிண்டர் திடீரென்று கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டு காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது. காகிதம் முழுக்கப் புள்ளியும் கோடும்.

"ஐயய்யோ, அது எதுக்குடி கத்துது? அதை யாரு கூப்பிட்டது?"

சுலோச்சனாவுக்கும் புரியவில்லை. ஒயர்களை மாற்றிச் செருகினாள். மெஷினின் முள்ளில் பஞ்சு அடைத்திருக்குமோ என்று துடைத்தாள். ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். இந்த முறை மெஷின் ஒழுங்காகக் குத்தியது. மறுபடி அணைத்துப் போட்டாள். மறுபடி பிரிண்டர் கத்தியது. ஒரு தரம் சரி, ஒரு தரம் தப்பு. முழுக்க ஓடாத மெஷினைவிட நினைத்தால் ஓடுகிற மெஷின் மோசமானது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. பிரேமா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, பிறகு தானே சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துக் கையில் கொடுத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே எழுதிய வரிகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. பூட்பேக் ஒவ்வொன்றையும் வரிசையாக, அவள் எழுதிக்கொடுத்த வரிசையில், எழுப்பும். முதலில் அட்டை குத்தும் மெஷின், இரண்டாவது பிரிண்டர். கம்ப்யூட்டரும் முதலாவது என்றால் மெஷின், இரண்டாவது என்றால் பிரிண்டர் என்று பழகியிருந்தது. புதுக் கருவி எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். அதனால்தான் அந்த வேகம். யார் முந்தி எழுகிறாரோ அவர் முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். கட்டில் நம்பரைப் பார்த்து மருந்து கொடுக்கிற வார்டில் இதுதான் நடக்கும். ஆள் கட்டில் மாறினால் மருந்தும் மாறிப்போகும்.

அதற்குள் பிரேமாவின் போன் அடித்தது. "அவருதான். காவடி செலுத்தியாச்சாம், மொட்டையும் போட்டாச்சாம். பஸ் ஏறிட்டாராம்."

சுலோச்சனாவின் விரல்கள் தானாக ஒரு வரியை அடித்தன. பிரிண்டரைக் கொஞ்ச நேரம் தாமதமாக எழுப்பு என்கிற வரி. போட்டுப் பார்த்தாள், மெஷின் குத்தியது. மறுபடியும் குத்தியது. இப்போதைக்கு இது போதும், பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம் என்று நினைத்தவள், அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லிலேயே நின்றாள்.

"இன்னாடி, ஆயிடுச்சா?"

"இல்லக்கா. இதுவும் இன்னொரு தகரக் கொட்டாயிதான்" என்று சொல்லி அந்த வரியை அழித்தாள்.

கட்டில் நம்பரைப் பார்க்கக் கூடாதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? கையில் கட்டிய பெயர்ப்பட்டையை. கம்ப்யூட்டரின் முதுகில் எந்தப் பொந்தில் ஒயர் செருகியிருக்கிறதோ அதை வைத்தே மெஷினுக்கு ஒரு பெயர், பிரிண்டருக்கு ஒரு பெயர் வைத்தாள். முந்தி எழு, பிந்தி எழு, உன் பெயர் உன்னோடு. குத்தும் மென்பொருளிடமும் இனி முதலாவது, இரண்டாவது என்று கேட்காதே, பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று மாற்றி எழுதினாள். மெஷினுக்கு அவள் வைத்த பெயர் பாவா.

போட்டாள். குத்தியது. அணைத்துப் போட்டாள். குத்தியது. பிரேமா பக்கத்தில் நின்று அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிரிண்டர் வாயைத் திறக்கவே இல்லை.

வெயில் சாயும் நேரத்துக்கு பூபாலன் வந்து சேர்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், நெற்றி நிறைய விபூதி, தோளில் காவடி அழுத்திய தழும்பு. பிரசாதப் பொட்டலத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குள் போனார். கோத்த மாலையிலிருந்து ஒரு பழைய அட்டையை உருவினார். அதே டிசைனைப் புதிதாகக் குத்தச் சொன்னார். மெஷின் தடதடவென்று குத்தித் தள்ளியது. புது அட்டையைப் பழையதன் மேல் வைத்து, இரண்டையும் ஓரம் சேர்த்துப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

எல்லாத் துளையிலும் வெளிச்சம் வந்தது.

பூபாலன் அதோடு விடுகிற ஆள் இல்லை. சட்டென்று சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"பாவா!"

"இந்த ஊர்ல கரன்ட்டு சொல்லிட்டா போவும்?"

செருகினார். திரை வந்தது, மெஷின் குத்தியது. குத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடி பிடுங்கினார். செருகினார். வந்தது. மூன்றாம் தரம் பிடுங்கிச் செருகிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரையையே முறைத்தார். அது வந்து நின்று அவரைப் பார்த்தது.

"எட்டு வருஷமா இதைக் கையில வெச்சிக்கினா என்னை அந்த சிடியோட மாரடிக்க விட்ட?" என்றார்.

"ஆங், நல்லா கேளுங்க!" என்று பிரேமா கையைத் தட்டினாள். "காலையில வரைக்கும் வேணாம் வேணாம்னு குதிச்ச ஆளு!"

சுலோச்சனா அங்கேயே, அட்டைக் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து நெட் எடுத்து உட்கார்ந்தாள். பெயர்ப்பட்டை விஷயத்தை எல்லாருக்கும் உபயோகப்படும்படி முதலில் எழுதி வைத்தாள். பிறகு பூட்பேக்கையும் இரண்டு குட்டிகளையும் மைனாவிலிருந்து எடுக்கும் மாற்றத்தை அனுப்பினாள். நாலாயிரம் வரிக்கு மேல். சேர்த்தது ஒன்றுமில்லை, எல்லாம் கழித்ததுதான். மெயிலில் ஒரே வரி எழுதினாள்: "பாவா மாறிவிட்டார்."

போர்ச்சுகலில் அப்போது பகல். பிரேமா பஞ்சாமிர்தத்தைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வருவதற்குள் மார்த்தாவின் ஒப்புதல் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே மற்றவர்கள். ஜப்பான்காரர் வணக்கம் போட்டார். போலந்துக்காரர் மறுபடி போட்டோ கேட்டார். பிரேசில்காரி, தன் ஊர் நூலகம் ஒன்றில் இதேபோலப் பிரிண்டர் கத்தும் மெஷின் இருப்பதாகவும், சுலோச்சனா எழுதி வைத்ததைப் படித்து ஐந்து நிமிஷத்தில் அதைச் சரிசெய்துவிட்டதாகவும் எழுதினாள்.

"இன்னா எழுதியிருக்கானுங்க?" என்று பூபாலன் எட்டிப் பார்த்தார். "பி ஏ வி ஏ... இன்னாது, பாவாவா?"

"உங்களுக்குத்தான் வாழ்த்து சொல்றாங்க. ஒருத்தர் உங்க போட்டோ கேக்கறாரு."

"என்னை எப்படிடி தெரியும் அவங்களுக்கு? உலகம் பூரா என் மானத்தை வாங்கினியா நீ?"

"மானம் எங்க பாவா போச்சி? நீங்க ஆங் சொல்லணும்னு அத்தினி நாட்டுக்காரங்க காத்துக்கினு இருந்தாங்க."

பூபாலன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "போட்டோ கேட்டானே ஒருத்தன். எடு. மிஷினும் தெரியணும், மொட்டையும் தெரியணும்."

எடுத்தாள். கிளம்பும்போது பழைய சிடியை ட்ரேயிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சுலோ, ஒரு சந்தேகம்" என்றார் பூபாலன் பஸ் நிறுத்தத்தில். அவர் முகம் உண்மையிலேயே கவலையாக இருந்தது. "ஆயுத பூஜைக்குப் பொட்டு எங்க வெக்கறது?"

"பொட்டி மேல வெய்யுங்க பாவா. மாலையே போடுங்க. உள்ள மட்டும் தொறக்காதீங்க."

திருத்தணியில் இறங்கும்போது மலை முழுக்க விளக்கு எரிந்தது. இறங்கி வரும் கூட்டத்தின் நடுவே நடந்து வீட்டுக்குப் போனாள். வெங்கடேசன் அரக்கோணத்தில் வேலை முடிந்து வந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சி" என்று சொல்லி, பையிலிருந்த சிடியை இரண்டாக உடைத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்தபடி வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நேரம் நிறைய இருப்பவளின் பார்வை.

வெங்கடேசன் அடுப்பைத் தணித்துவிட்டு அவசரமாக உள்ளே போனார். கட்டிலுக்கடியில் இருந்த தன் பழைய டிரங்குப் பெட்டியைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.